விடுதிக் கணக்கும் பொருளாதார நூலும்

பொருளாதார நூலும் வணிகவியலும் கற்க விழையும் இளைஞர் பெருநகரங்களிலுள்ள பெரிய கல்விச்சாலைகளையே நாடிச் செல்லுதல் இந்நாளில் வழக்கமாகிவிட்டது. ஆங்கே துறைக்கொரு நிபுணர் உண்டு. வங்கிகளும் தொழிற்சாலைகளும் அருகே உள. வேலை தருவோர் வாயிலுக்கே வருகின்றனர். சிறு கலாசாலையிலோ ஆசிரியர் சிலரே. காலையில் நாணயச் செலாவணியைக் கற்பித்தவரே மாலையில் கணக்கியலையும் கற்பிப்பார். இக்குறையை நாம் மறைக்க வேண்டுவதில்லை. உயர்நிலைப் புள்ளியியலில் ஆழ விரும்பும் மாணவன் பட்டம் பெற்ற பின்னராவது பெரிய சர்வகலாசாலை ஒன்றிற்குச் செல்லத்தான் வேண்டும். ஆயினும், இந்நூலின் முதற் பாடங்களைக் கற்பதற்குச் சிறு கலாசாலையினும் ஏற்ற இடம் அரிது என்பதே நம் கருத்து. விடுதி மெஸ் கணக்கு ஒன்றைக்கொண்டே அதனை ஆராய்வோம். அதற்குமுன் இந்நூல் கல்லூரிக்குள் நுழைந்த வரலாற்றைச் சிறிது நோக்குதல் நலம்.

ஆதம் ஸ்மித் பொருளாதாரப் பேராசிரியர் அல்லர். கிளாஸ்கோ சர்வகலாசாலையில் 1752 முதல் அவர் வகித்தது ஒழுக்கநூற் பேராசிரியர் பதவி. மக்களின் ஒழுக்க உணர்ச்சிகளை ஆராய்ந்து 1759இல் ஒரு நூல் வெளியிட்ட பின்னரே, நாடுகளின் செல்வத்தைப் பற்றிய பெருநூலை 1776இல் அவர் வெளியிட்டார். இந்தியாவிற்கு வரவிருந்த உத்தியோகஸ்தர்க்கெனக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கிலாந்தில் நிறுவிய கல்லூரியில், 1805 முதல் இப்பாடத்தை வரலாற்றோடு சேர்த்துக் கற்பித்த மால்தஸ் ஒரு திருச்சபைக் குருவானவர். கணக்கியலின் கதையும் இத்தகையதே. வெனிஸ் வணிகர் கையாண்ட இரட்டைப் பதிவு முறையை 1494இல் அச்சிட்டு விளக்கிய லூக்கா பாச்சியோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி. தம் கணித நூலின் ஒரு பகுதியாகவே அதனை வரைந்தார். துறவி ஒருவர் வரவு செலவுக்கு இலக்கணம் எழுதியதை நம் வணிகவியல் மாணாக்கர் எண்ணி மகிழலாம்.

அமெரிக்க மிஷனரிமார் தமிழ் வழங்கும் நாடுகளில் நிறுவிய கல்விச்சாலைகளுக்கு முன்மாதிரியாய் இருந்தவை நியூ இங்கிலாந்தின் சிறு கல்லூரிகள். 1806இல் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் சிலர் மழைக்கு ஒதுங்கி வைக்கோற் போரொன்றின் அருகே செய்த ஜெபத்தின் வழியாக 1810இல் அமெரிக்க மிஷன் சங்கம் பிறந்தது. அச்சங்கத்தார் 1823இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினர். 1834இல் மதுரைக்கு வந்தனர். அக்காலத்து அமெரிக்கக் கல்லூரிகளில் இறுதி வகுப்பிற்கு ஒழுக்க நூலைத் தலைவரே கற்பிப்பது மரபு. பொருளாதாரமும் அதன் உடன்பிறப்பாகவே வகுப்பிற்குள் வந்தது. பிரௌன் சர்வகலாசாலையின் தலைவரும் பாப்திஸ்து குருவுமாகிய பிரான்சிஸ் வேலண்டு 1835இல் ஒழுக்க நூலுக்கும் 1837இல் பொருளாதார நூலுக்கும் பாடபுத்தகங்கள் எழுதினார். பின்னர் 1881இல் பென்சில்வேனியாவில் வார்ட்டன் பள்ளி தோன்றி வணிகக் கல்விக்குத் தனியிடம் தந்தது. கேம்பிரிட்ஜில் மார்ஷல் 1903இல் பொருளாதாரத்திற்குத் தனித் தேர்வு அமையச் செய்தார். பிரிந்ததனால் நூலின் நுட்பம் மிகுந்தது என்பதை மறுப்பார் இலர். ஆயின் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர் வெவ்வேறு கட்டடங்களுக்குப் போய்விட்டனர். சிறு கலாசாலையிலோ அவர்கள் இன்னும் அருகருகே இருக்கின்றனர். பல வேளைகளில் ஒரே பந்தியிலும் அமர்கின்றனர்.

அப்பந்திக்கே இனிச் செல்வோம். மாணாக்கர் ‘டிவைடிங்’ என்று வழங்கும் பங்கீட்டு முறையில் மாதச் செலவு முழுவதையும் கூட்டி, உண்டோர் தொகையால் வகுத்து, தலைக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதுவர். கணக்கு எளிதாதற் பொருட்டு எண்களை நாமே அமைத்துக்கொள்வோம். விடுதியில் 120 பேர் உளர் என்க. ஒருவன் தனக்கு வேண்டாத 12 ரூபாய்ப் பண்டத்தை வாங்கி இலையோடு எறிகின்றான். அதனால் அவன் பங்கில் ஏறுவது 10 காசு. எஞ்சிய 11 ரூபாய் 90 காசை மற்றை 119 பேர் தம்மையறியாமலே தருகின்றனர். நூற்றிருபதின்மரும் இவ்வாறே செய்தால் தலைக்கு 12 ரூபாய் ஏறும். அப்போது மானேஜர் மீது பழி வரும். பொதுப் பொருளைத் தனித்தனியே நுகர்வோர் அதனை வீணாக்குவது எங்ஙனம் என்று நூலாசிரியர் பல பக்கங்களில் விளக்கும் கோட்பாடு இதுவே. முட்டைக்கும் இறைச்சிக்கும் தனிச் சீட்டு வைக்கும் மெஸ்கள் இதற்கு மருந்தும் கண்டிருக்கின்றன. அம்மருந்தைக் கண்டவர் பெரும்பாலும் பொருளாதாரம் படித்தவர் அல்லர், அடுப்படி அறிந்தவர்.

அடுத்துக் கணக்கியல். மார்ச்சு மாதத்தில் 20 மூட்டை அரிசி வாங்கினோம். 14 மூட்டை செலவாயிற்று. 6 மூட்டை அறையில் இருக்கின்றது. வாங்கிய பில்லை அப்படியே அம்மாதச் செலவிற் சேர்த்துவிட்டால், தேர்வெழுதி விடைபெறும் இறுதியாண்டு மாணாக்கர் தாம் உண்ணாத அரிசிக்கும் விலை தந்து செல்வர். பணம் கைவிட்டுப் போனது வேறு, செலவானது வேறு. கையிருப்புச் சரக்கை எண்ணி எழுதுதல் ஏன் என்று வகுப்பில் வினவினால் தேர்வில் கேட்பார்கள் என்று விடை வருவதுண்டு. அரிசியறைத் திறவுகோலை ஒரு மாதம் வைத்திருந்தவன் அவ்விடை கூறான்.

இவ்விரண்டும் எளியவை. மூன்றாவது அத்துணை எளிதன்று. நம் உள்ளத்தை உறுத்துவதும் அதுவே. சமையற்காரர் முதலியோரின் சம்பளம் மாதம் 60,000 ரூபாய் என்க. 120 பேர் உள்ள மாதத்தில் இது தலைக்கு 500 ரூபாய். விடுமுறை மாதங்கள் இரண்டில் 40 பேரே தங்குகின்றனர். அப்போது தலைக்கு 1,500 ரூபாய். தங்குவோர் யாவர்? பயணச் செலவிற்கு வழியில்லாதோர், வேலை செய்து கட்டணம் தேடுவோர், போதற்கு வீடில்லாதோர். வகுத்தல் கணக்கில் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் கொடுக்க இயலாதவன் மும்மடங்கு கொடுக்கின்றான்.

வணிகவியல் மாணவன் கூறுவான்: சம்பளம் ஆண்டு முழுமைக்கும் உரிய நிலைச் செலவு, அதனை ஆண்டு முழுமைக்கும் பரப்புக. ஆண்டுச் சம்பளம் 7,20,000 ரூபாய். பத்து மாதத்திற்கு 120 பேரும் இரண்டு மாதத்திற்கு 40 பேரும் எனக் கூட்ட 1,280 பங்கு. பங்கிற்கு 562 ரூபாய் 50 காசு. ஏனையோர்க்கு மாதம் 62 ரூபாய் 50 காசு ஏறும். விடுமுறையில் தங்குவோர்க்கு 937 ரூபாய் 50 காசு குறையும். ஊருக்குச் செல்பவன் உடனே எழுந்து, தான் உண்ணாத மாதத்திற்குத் தான் ஏன் தரவேண்டும் என்பான். அது நேர்மையான வினாவே. அதற்குப் பொருளாதார மாணவன் விடை தருகின்றான்: ஜூன் மாதத்தில் திரும்பி வரும் 120 பேருக்கும் சமைப்பதற்காகவே சமையற்காரரை விடுமுறையிலும் வைத்திருக்கிறோம், ஆதலின் நாற்பதின்மர் தங்குவதனால் மிகுதியாவது அரிசியும் பருப்பும் விறகுமே அன்றிச் சம்பளம் அன்று. இதனையே நூலார் இறுதிநிலைச் செலவு என்பர். இனி, தத்துவம் பயில்பவன், கொடுக்கும் ஆற்றலுக்கேற்பக் கொடுப்பதோ, பெறும் பயனுக்கேற்பக் கொடுப்பதோ நீதி என்று கேட்பான். வரிகளைப் பற்றிய நூல்களும் இவ்வினாவையே கேட்கின்றன. வரலாற்று மாணவன், இம்முறை எந்த ஆண்டு யாரால் ஏற்பட்டதென்று பழைய கணக்கேடுகளைப் புரட்டுவான். இந்நால்வரும் ஒரே வகுப்பிலோ ஒரே வராந்தாவிலோ கூடுதல் சிறு கலாசாலையில் அரிதன்று. நம் தீர்ப்பு பரப்பும் முறையின் பக்கமே. எதிர்ப்போரும் இருப்பர், அவர்கள் தங்கள் கணக்கோடு வருக.

மெஸ்ஸில் பழகிய இக்கண் ஊரையும் பார்க்க வல்லது. கில்பர்ட் ஸ்லேட்டர் என்பார் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்க்கென அமைந்த ரஸ்கின் கல்லூரியின் தலைவராயிருந்து, 1915இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். இங்கிலாந்துப் பாடபுத்தகங்களை மனனஞ் செய்த மாணாக்கரைக் கண்டு, விடுமுறையில் அவரவர் ஊருக்குச் சென்று நிலம், கூலி, கடன், கைத்தொழில் ஆகியவற்றை விசாரித்து எழுதிவருமாறு பணித்தார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி, தூசி முதலிய ஊர்கள் இங்ஙனம் 1918இல் நூலேறின. அவ்வூர்களை பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் மீண்டும் ஆராய்ந்து 1940இல் வெளியிட்டனர். இருவேல்பட்டைப் பற்றி 1980களிலும் அதன் பின்னரும் அறிஞர் எழுதியுள்ளனர். விடுமுறை மாணாக்கர் குறிப்பேடுகளில் தொடங்கிய வேலை ஏறத்தாழ நூறாண்டு வரலாறாக வளர்ந்தது.

தஞ்சையில் 1892இல் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த ஜே. சி. குமரப்பாவையும் ஈண்டு நினைத்தல் தகும். இலண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று பம்பாயில் அத்தொழில் நடத்திய அவர், அமெரிக்கா சென்று சிராக்கியூஸில் வணிக நிர்வாகமும் கொலம்பியாவில் பொதுநிதி நூலும் கற்றார். 1929இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் குஜராத்தில் மாதர் தாலுகாவின் நிலையை மாணாக்கர் துணையோடு ஊர் ஊராக ஆராய்ந்தார். கம்பெனிகளின் ஐந்தொகையைச் சோதித்த அதே கண்ணாலேயே உழவன் வீட்டு வரவையும் செலவையும் சோதித்தார். வரவினும் செலவு மிக்கிருக்க, அதன்மேல் வரி எங்ஙனம் நிற்கும் என்று கேட்டார்.

இவ்விடுமுறையில் ஒரு தெருவையேனும் எழுதிவர எண்ணும் மாணாக்கர்க்கு ஒரு சொல். முதல் நாளிலேயே கடன் எவ்வளவு என்று வினவற்க. ஒன்று விடை வராது, அன்றேல் பொய் வரும். பயிர், கிணறு, மாடு என்று தொடங்குக. பிறர் வீட்டிற்குச் செல்லுமுன் தம் வீட்டு வரவு செலவை ஒரு மாதம் எழுதுக. அடகுக் கடைச் சீட்டும் மளிகைக் கடைப் பற்றும் அதில் இடம்பெறட்டும். அதனை வகுப்பில் காட்ட வேண்டுவதில்லை.