பெரிய 'ஏ'யும் சிறிய 'ஏ'யும்

ஆங்கில 'ஏ'யைப் பெரிதாக எழுதினாலும் சிறிதாக எழுதினாலும் நமக்கு அது 'ஏ' தான். கணிப்பொறிக்கோ அவை இரு வேறு எண்கள்! ஆஸ்கி முறையில் பெரிய 'ஏ' 65; சிறிய 'ஏ' 97.

இதனால் வரும் தொல்லை ஒன்றைப் பார்ப்போமா?

இணையத்தில் கணிப்பொறிகள் 'எச்.டி.டி.பி.' என்ற விதிமுறைப்படி செய்தி அனுப்புகின்றன. கடித உறையின் மேல் முகவரி இருப்பது போல, செய்திக்கு முன்னால் சில தலைப்பு வரிகள் இருக்கும். 'கன்டென்ட்-டைப்' அவற்றில் ஒன்று. உள்ளே இருப்பது படமா, எழுத்தா என்று அது சொல்லும். இப்பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதினாலும் சிறிய எழுத்தில் எழுதினாலும் பொருள் ஒன்றே என்பது விதி.

முதலெழுத்தைப் பெரிதாக எழுதுவதே வழக்கமாக இருந்தது. 2015-இல் வந்த இரண்டாம் பதிப்போ, பெயர்கள் முழுவதும் சிறிய எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்றது. விதியை மறந்து, பெரிய 'சி'யை மட்டுமே தேடும் புரோகிராம், தலைப்பு எதிரே இருந்தும் "இல்லை" என்று சொல்லிவிடும்!

பரிகாரம் எளிது. ஒப்பிடுமுன் இரு பெயர்களையும் சிறிய எழுத்தாக்க வேண்டும். 65-உடன் 32-ஐக் கூட்டினால் 97 அல்லவா? ஆனால் பெயருக்கு எதிரே உள்ள விவரத்தை மாற்றக் கூடாது. அது கடவுச்சொல்லானால், ஓர் எழுத்து மாறினாலும் செல்லாது.

பெரிய 'சி' 67. சிறிய 'சி' எவ்வளவு? நீங்களே சொல்லுங்கள்!