மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருடி

ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்கு வந்தாச்சு. இனி இடுப்பு வலி, கால் வலின்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும். அங்க மருந்து டப்பாவுல காம்பிஃப்ளாம் அட்டை ஒண்ணு கிடக்கும் பாரு, அதைத் தொடாதே.

அதுல பாராசிட்டமாலோட ஐபுப்ரோஃபென் சேர்ந்திருக்கு. வயித்துல இருக்கற குழந்தைக்கு ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாத்தான் போகுது, நுரையீரலுக்கு வேலை இல்லை. அதனால நுரையீரலுக்குப் போற ரத்தத்துல பெரும்பகுதியை ஒரு சின்னக் குழாய் பைபாஸ் ரோடு மாதிரி மகாதமனிக்குத் திருப்பி விடுது. அந்தக் குழாயைத் திறந்து வெச்சிருக்கறது புரோஸ்டாகிளாண்டின். நம்ம வலியைக் கூட்டுறதும் அதுதான். மாத்திரை அதை ஊற விடாம தடுக்கும்போது உனக்கு வலி குறையும், அங்க குழாய் சுருங்கும். பிறந்து ரெண்டு மூணு நாள்ல தானா மூட வேண்டியது வயித்துக்குள்ளயே மூடினா, இதயத்தோட வலது பக்கம் திணறும். பிறந்த அப்புறம் மூச்சுக்கே சிரமமாகலாம்.

இந்தக் குழாய் பயம் முக்கியமா 30 வாரத்துக்கு மேல. ஆனா அஞ்சாம் மாசத்துலயே குழந்தையோட சிறுநீரகம் பாதிச்சு பனிக்குட நீர் குறையலாம். அதனால அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல, 20 வாரத்துலேருந்தே தவிர்க்கச் சொல்லிடுச்சு.

பெயரைப் பார்த்து ஏமாறாதே. வோவெரான்ல டைக்ளோஃபெனாக், மெஃப்டால்ல மெஃபெனமிக் ஆசிட், எல்லாம் ஒரே குடும்பம். அட்டையைத் திருப்பி சின்ன எழுத்தைப் படி. வலி ஜெல்லுலயும் டைக்ளோஃபெனாக் இருக்கும், தேய்க்கறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேளு. மெடிக்கல் ஷாப்ல "வலிக்கு ஒண்ணு குடுங்க"ன்னு நின்னா, முதல்ல கர்ப்பம்னு சொல்லு.

அதுக்காகப் பல்லைக் கடிச்சுட்டு இருக்காதே. பாராசிட்டமால் போடலாமா, எவ்வளவு, எத்தனை நாள்னு உன் டாக்டர் சொல்வாங்க. காய்ச்சலை மட்டும் அப்படியே விட்டுடாதே. பி.பி.க்காக 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் எழுதியிருந்தா, இதைப் படிச்சுட்டு நீயா நிறுத்திடாதே, அது வேற கணக்கு.

தெரியாம ஒண்ணு போட்டுட்டியா? பதறாம டாக்டர்கிட்ட சொல்லு. எத்தனை போட்டே, எத்தனை நாள் போட்டேங்கறதைப் பொறுத்துத்தான் ஆபத்து. தேவைப்பட்டா ஸ்கேன்ல குழாயைப் பார்த்துடுவாங்க. மருந்தை நிறுத்தினா பல சமயம் மறுபடி விரிஞ்சுடும்.

இன்னொண்ணு. ரொம்பக் குறைமாசத்துல பிறந்த குழந்தைக்கு இதே குழாய் மூடாம அடம் பிடிச்சா, அதை மூட டாக்டர்களே ஐபுப்ரோஃபென் குடுப்பாங்க. அதைப் பார்த்துட்டு, "எனக்கு வேண்டாம்னீங்க, இப்ப குழந்தைக்கே குடுக்கறீங்களே"ன்னு சண்டைக்குப் போகாதே. பிரசவத்துக்கு அப்புறம் தையல் வலிக்கு உனக்கே அதை எழுதிக் குடுக்கலாம். தாய்ப்பால்ல போறது ரொம்பக் கொஞ்சம்தான், பயப்படாம பால் குடு.