ஆழத்தினின்று எழுந்த பாறைகள்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் நின்று கொடிமலையைக் காண்போர், அம்மலை என்றும் அவ்வாறே நின்றதாக எண்ணக்கூடும். ஆனால், அதன் கருங்கல் ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், நிலத்தடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், உருகிய குழம்பு இறுகி உண்டானதாகும். நிலம் மெல்ல உயர, மேலிருந்த பாறைகளை மழையும் வெயிலும் கரைத்து அகற்ற, அக்கல் வெளிப்பட்டது.

இதனினும் நெடும்பயணம் செய்த பாறைகள் இந்தியாவின் லடாக் பகுதியில், சோ மோராரி ஏரியை அடுத்துள்ளன. எக்லோகைட்டு எனப்படும் அப்பாறைகளிலுள்ள செந்நிறக் கார்னெட்டு மணிகளுக்குள் கோயசைட்டு என்னும் நுண்துகள் காணப்படுகிறது. மணலில் நாம் காணும் குவார்ட்சே, சுமார் 90 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தின் அழுத்தத்தால் கோயசைட்டாக மாறுகிறது. ஆகவே, அப்பாறைகள் அத்துணை ஆழம் சென்று மீண்டன என்பதற்கு அத்துகளே சான்று.

அவை ஆழத்திற்குச் சென்றது எவ்வாறு? 5 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன்னர், இந்திய நிலத்தட்டு ஆசியாவுடன் மோதியது. அதன் முன்பகுதியாயிருந்த கனத்த கடலடித் தட்டு பூமிக்குள் அமிழ்ந்தபோது, இந்திய நிலத்தின் விளிம்பையும் உடன் இழுத்துச் சென்றது.

மீண்டது எவ்வாறு? காய்ந்த ரப்பர்த் துண்டொன்றைக் கல்லோடு கட்டி நீர்த்தொட்டியில் இடுங்கள், இரண்டும் அமிழும். கயிறு அறுந்தால் கல் அடியிலேயே கிடக்க, ரப்பர் மேலெழும். அவ்வாறே, கடலடித் தட்டின் பிடியிலிருந்து விடுபட்ட நிலப்பாறை, சுற்றியுள்ள பாறையைவிட இலேசானதால் மேலெழுந்தது. எக்லோகைட்டு கனமானதாயினும், மிதவையில் ஏற்றிய சுமைபோல் அதனுடன் வந்து சேர்ந்தது. அந்த ஏற்றம் விரைவாக நிகழ்ந்தது. கோயசைட்டைக் கார்னெட்டும் இறுகிய மூடிபோல் காத்தது. இன்றேல், அது மீண்டும் குவார்ட்சாகவே மாறியிருக்கும்.

எனினும், மிதப்பு விசை பாறையை நிலத்தின் மேற்பரப்பு வரை கொணராது. எஞ்சிய தொலைவை, நிலம் பிளந்து நகர்வதும் மழை, ஆறு, பனி ஆகியவற்றின் அரிப்பும் நிறைவு செய்தன.

அந்த அரிப்பே நம் குன்றுகளிலும் ஓயாது நடைபெறுகிறது. 2017 நவம்பரில் பினாங்கில் பெய்த பெருமழையில் பல சரிவுகளில் மண் சரிந்ததை மறத்தற்கில்லை. கோடி ஆண்டுகளில் நடைபெறும் அரிப்பை நாம் தடுக்க இயலாது. ஆனால், ஓரிரவு மழையில் போகும் மேல்மண்ணைக் காக்க இயலும். தோட்டச் சரிவுகளில் மூடுபயிரை அழியாது பேணுவோம். படித்தளங்களையும் வடிகால்களையும் செம்மையாக வைப்போம். போன மண் நம் ஆயுளில் திரும்பி வாராது.