பானெட் ஒரு பக்கம் இழுக்கிறதா?
கார் பானெட்டின் இடைவெளி ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒட்டியும் இருந்தால், ஓங்கி அறைந்து மூடிப் பயனில்லை. முதலில் கீலைச் சுற்றி மார்க்கரால் கோடு போடுங்கள். சொதப்பினாலும் பழைய இடத்துக்குத் திரும்பலாம். போல்ட்டுகளைக் கழற்ற வேண்டாம், சற்றே தளர்த்தினால் போதும். பிடித்துக்கொள்ளக் கூட ஒரு ஆள் கட்டாயம். பானெட்டோடு சேரும் போல்ட்டுகளைத் தளர்த்தினால் பெரும்பாலும் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் நகர்த்தலாம். பாடியோடு சேருபவை பின்பக்க உயரத்துக்கு. ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி, மெதுவாக இறக்கிப் பாருங்கள். அவசரப்பட்டால் ஃபெண்டர் பெயின்ட் போய்விடும். முன்பக்க உயரத்துக்குப் பெரும்பாலும் ரப்பர் ஸ்டாப்பரைத் திருகினாலே போதும். கீலே வளைந்திருந்தால் டிங்கரிங் பட்டறைதான். போல்ட்டுகளை இறுக்கி, லாக் பிடிக்கிறதா என்று தூக்கிப் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.