பென்னியில் தொடங்குங்கள்

பழைய பிரிட்டிஷ் நாணயம் வாங்க ஆசைப்படுபவர் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "இது எவ்வளவு பழசு?" என்றுதான். விற்பவருக்கு இதைவிட இனிப்பான கேள்வி கிடையாது. வயதுக்கே பணம் கொடுக்க ஆள் வந்தாயிற்று என்று அவருக்குப் புரிந்துவிடும். ஆனால் இந்தச் சந்தையில் வெறும் வயதுக்கு மரியாதை குறைவு. 1797-இல் அடித்த பென்னி நன்றாகத் தேய்ந்திருந்தால் பத்து, இருபது பவுண்டுக்குள் கிடைக்கும். அதைவிட நூறு வருடம் இளைய 1905 அரை கிரவுன் தேயாமல் கிடைத்தால் ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போகும். எத்தனை அடித்தார்கள், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற இரண்டு கணக்குகள்தான் விலையை முடிவு செய்கின்றன. முதல் கணக்கைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவதை உங்கள் கண்தான் பார்க்க வேண்டும். ஏல நிறுவனத்தில் பட்டியல் எழுதும் வேலைக்குப் போனாலும், நாணய வியாபாரியிடம் உதவியாளராகச் சேர்ந்தாலும், வீட்டிலிருந்தே பகுதி நேரமாக விற்றாலும், சம்பளம் இந்தக் கண்ணுக்குத்தான்.

முதலில் கொஞ்சம் கணக்கு. 1971 பிப்ரவரி 15 வரை ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. பென்னியில் கால் பங்கு ஃபார்திங். ஃப்ளோரின் 2 ஷில்லிங், அரை கிரவுன் இரண்டரை, கிரவுன் 5. வெள்ளி நாணயங்களின் எடையும் 1816-இல் வந்த சீர்திருத்தத்துக்குப் பிறகு இதே விகிதத்தில்தான் போகிறது. ஷில்லிங் 5.65 கிராம் என்று ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். ஆறு பென்ஸ் அதில் பாதி, அரை கிரவுன் 14.14, கிரவுன் 28.28.

அடுத்து நினைவில் வைக்க இரண்டு ஆண்டுகள்: 1920, 1947. 1919 வரை இந்த நாணயங்களில் வெள்ளி 92.5 சதவீதம். 1920 முதல் 1946 வரை 50 சதவீதம். 1947 முதல் செம்பும் நிக்கலும்தான்; வெள்ளி துளியும் இல்லை. மூன்று காலத்திலும் எடை மாறவில்லை, ஆகவே தராசு இதைக் காட்டிக்கொடுக்காது. ஆண்டைப் படியுங்கள். தேய்ந்த ஷில்லிங்குகளைக் கிலோ கணக்கில் வெள்ளி என்று விற்பவர் அந்தக் குவியலில் 1947 முதல் வந்தவற்றைக் கலந்திருக்கிறாரா என்று பார்ப்பது, இந்தத் தொழிலில் ஒரு புதிய ஆளுக்குத் தரும் முதல் வேலையாகவே இருக்கலாம்.

இனி வாங்கலாம். வெள்ளியோ தங்கமோ வேண்டாம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பென்னிகளைக் கலந்து கட்டி ஒரு குவியலாக வாங்குங்கள். 1911 முதல் 1936 வரை வந்த வெண்கலக் காசு, 9.4 கிராம், ஏறத்தாழ 31 மில்லிமீட்டர். கோடிக்கணக்கில் அடித்ததால் மலிவு. பெரிய காசு, அதனால் லென்ஸ் இல்லாமலே நிறைய தெரியும். எல்லா நிலையிலும் கிடைக்கும் என்பதுதான் முக்கியமான வசதி: மொழுக்கென்று தேய்ந்ததிலிருந்து நேற்று அடித்ததுபோல் சிவந்து மின்னுவது வரை.

மேசையில் துணி விரித்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரே ஒரு மேசை விளக்கை ஏற்றுங்கள். டியூப் லைட் வேண்டாம், அது எல்லாவற்றையும் சமமாகக் காட்டி ஏமாற்றும். காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாயுங்கள். புழங்காத காசில் ஒளி சக்கரம்போல் மையத்தைச் சுற்றி ஓடும். புழங்கிய காசில் அந்த ஓட்டம் மேடான இடங்களில் அறுந்துபோகும். மன்னரின் காதுக்கு மேலுள்ள முடி, மீசை, மறுபக்கப் பெண்ணுருவமான பிரிட்டானியாவின் மார்பு, முழங்கால்: தேய்மானம் இங்கேதான் தொடங்கும். முதலில் நிறம் மங்கும், பிறகு கோடுகள் மறையும், கடைசியில் தட்டையாகும். இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதியில் ஒரு கண்ணி இருக்கிறது. இந்தப் பென்னிகளில் பலவற்றில் பிரிட்டானியாவின் முகம் கலங்கலாக இருக்கும். அவளுக்குப் பின்னால் மன்னரின் தலை நிழல்போல் தெரிவதும் உண்டு. புதியவர்கள் இதைத் தேய்மானம் என்று ஒதுக்கிவிடுவார்கள். தேய்மானமில்லை. தலைப்பக்க அச்சு ஆழமாக வெட்டப்பட்டிருந்ததால் அடிக்கும்போது உலோகம் அந்தப் பக்கமே ஓடிவிட்டது, மறுபக்கத்துக்குப் போதவில்லை. நாணயச்சாலை 1928-இல் மன்னரின் தலையைச் சிறிதாக்கிய பிறகுதான் தொல்லை தீர்ந்தது. எப்படிப் பிரித்தறிவது? காசைத் திருப்பி மன்னரின் முடியைப் பாருங்கள். அங்கே கோடு கோடாகக் கூர்மையாக இருந்து, கலங்கிய இடத்திலும் மினுமினுப்பு மிச்சமிருந்தால் அது அடியின் குறை. இரண்டு பக்கமும் மங்கியிருந்தால் தேய்மானம். இந்த வித்தியாசத்தைச் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் நல்ல காசு மலிவாகக் கிடைக்கும். நேர்மையான லாபம் இந்தத் தொழிலில் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

இன்னொன்று: 1934-ஆம் ஆண்டுப் பென்னி கறுத்திருந்தால் பயப்படாதீர்கள். நாணயச்சாலையே கறுப்பாக்கித்தான் வெளியே விட்டது. 1944 முதல் 1946 வரையிலும் அதே கதை.

குவியலை நிலைவாரியாகப் பிரித்து வையுங்கள். பிரிட்டிஷ் வழக்கில் கீழிருந்து மேலாக ஃபேர், குட், ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அன்சர்க்குலேட்டட் என்று போகும். குட் என்ற பெயரை நம்பி வாங்கிவிடாதீர்கள், அது கிட்டத்தட்ட மொழுக்கான காசு. ஆனால் குட் வெரி ஃபைன் என்றால் வெரி ஃபைனைவிட ஒரு படி மேல். தொழிலில் இருப்பவர்கள் ஜிவிஎஃப் என்று சுருக்குவார்கள். அமெரிக்கர்கள் 70 வரை எண் கொடுக்கிறார்கள், அவர்களுடைய கை தாராளம்: லண்டன் வியாபாரி வெரி ஃபைன் என்று எழுதும் காசை அமெரிக்க வியாபாரி எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்று எழுதுவது சகஜம். யார் எழுதிய தரம் என்று பார்க்காமல் விலையை ஒப்பிட வேண்டாம்.

ஒவ்வொரு காசுக்கும் நீங்கள் தந்த தரத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி மூடி வையுங்கள். ஒரு வாரம் கழித்துச் சீட்டைப் பார்க்காமல் மறுபடி தரம் போடுங்கள். இரண்டும் ஒத்துப்போகும்வரை வெள்ளிப் பக்கம் போக வேண்டாம். ஏல நிறுவனங்களின் பழைய பட்டியல்களிலும் இதே விளையாட்டை ஆடலாம். படத்தை மட்டும் பார்த்து, தரத்தைக் கையால் மறைத்து, ஊகித்துவிட்டுக் கையை எடுங்கள். லண்டனில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் உண்டு: ஏலத்துக்கு முந்தைய பார்வை நாள்கள். வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் தட்டைக் கேட்டு வாங்கி, காசை விளிம்பில் பிடித்துப் பார்க்கலாம். பிரிட்டிஷ் மியூசியத்தின் 68-ஆம் அறையில் பணத்தின் வரலாறு முழுவதும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் காசைச் சாய்த்துப் பார்க்க முடியாது. கண்ணுக்கு அது பயிற்சியாகாது.

புத்தகம் ஒன்று போதும்: ஸ்பிங்க் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் இங்கிலாந்து, ஐக்கிய ராஜ்ஜிய நாணயங்களின் பட்டியல். அதில் ஒவ்வொரு வகைக்கும் உள்ள எண்ணைத்தான் வியாபாரிகள் மேற்கோள் காட்டுவார்கள். விலைகளை அப்படியே நம்ப வேண்டாம், அவை கடைவிலை. நீங்கள் விற்கப் போனால் அதில் பாதி கிடைத்தாலும் நல்ல நாள்.

காசைக் கழுவக் கூடாது. புளி, எலுமிச்சை, பற்பசை, சோடா உப்பு எதுவும் கூடாது. பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்த்துப் பழகிய கை பரபரக்கும். பரபரக்கட்டும். தேய்த்த பென்னி ஒருவித ரோஜா நிறத்துக்கு வரும்; லென்ஸில் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் தெரியும். அந்த நிமிடமே அதன் விலை இறங்கிவிட்டது, மீட்க வழியில்லை.

அரிய வகைகளைத் தேடும்போது கதைக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை என்பது நினைவிருக்கட்டும். 1887-இல் விக்டோரியாவின் பொன்விழாவுக்கு வந்த ஆறு பென்ஸின் பின்பக்கக் கேடயம் தங்க அரை சவரனின் கேடயத்தைப்போலவே இருந்தது, அளவும் ஏறத்தாழ ஒன்றே. மோசடிக்காரர்கள் அதற்குத் தங்கமுலாம் பூசி அரை சவரன் என்று மாற்றிவிட ஆரம்பித்தார்கள். நாணயச்சாலை வடிவத்தைத் திரும்பப் பெற்றது. நல்ல கதைதான். ஆனால் திரும்பப் பெறுகிறார்கள் என்றதும் ஆளாளுக்கு எடுத்து வைத்துக்கொண்டதால் இன்றும் அது நல்ல நிலையில் தாராளமாகக் கிடைக்கிறது. 1918 பென்னிக்குச் சொல்லிக்கொள்ளும்படி கதையே இல்லை. ஆண்டுக்கு இடதுபக்கம் எச் என்றோ கேஎன் என்றோ மிகச் சிறிய எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். லண்டனால் சமாளிக்க முடியாமல் பர்மிங்ஹாமின் ஹீட்டன் ஆலைக்கும் கிங்ஸ் நார்ட்டன் ஆலைக்கும் கொடுத்து அடித்தவை அவை. சாதாரண 1918 பென்னி 8 கோடிக்கு மேல். இந்த இரண்டும் சேர்ந்தே அதில் ஒரு சிறு பங்குதான். தேய்ந்தால் எழுத்து அழிந்துவிடும் என்பதால் நல்ல நிலையில் இருப்பவற்றுக்கு நல்ல விலை. பழைய குவியலில் கவனிக்காமல் கிடக்கும் கேஎன் இன்னமும் உண்டு.

அதே குவியலில் 1933 பென்னி கிடைத்தால் ஆண்டு எண்ணை லென்ஸில் பாருங்கள், அநேகமாக வேறொரு ஆண்டின் கடைசி இலக்கத்தைச் செதுக்கியிருப்பார்கள். உண்மையானவை விரல்விட்டு எண்ணும் அளவே. 1905 அரை கிரவுனும் போலிகளின் செல்லப்பிள்ளை. மொத்தம் அடித்ததே 1.66 லட்சம் என்பதால் ஆசை காட்டுவது எளிது.

போலிக்கு எதிராக 0.01 கிராம் காட்டும் தராசு, டிஜிட்டல் கேலிப்பர், காந்தம், பத்து மடங்கு லென்ஸ், இவ்வளவு போதும். பழைய கிரவுன் என்று வரும் மலிவுப் போலிகள் பெரும்பாலும் எடையிலேயே தோற்றுவிடும். எடையில் தப்பினால் விளிம்பைப் பாருங்கள், வார்த்த காசில் நடுவே ஒரு மூட்டுக்கோடு ஓடும். தங்கச் சவரன் வேறு ரகம். 7.98 கிராம், 22 காரட். நம் நகைக்கடைச் சவரன் கணக்கு பிறந்ததே இந்த எடையில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியிலும் லெபனானிலும் சரியான தங்கத்தில், சரியான எடையில் போலிச் சவரன்கள் அடிக்கப்பட்டன. தராசு அவற்றுக்குப் பாஸ் மார்க் போட்டுவிடும். எழுத்தின் ஓரங்கள் சோப்புபோல் மழுங்கியிருப்பதையும், பரப்பில் சின்னச் சின்னப் பருக்கள் இருப்பதையும் கண்தான் பிடிக்க வேண்டும். ஆகவேதான் பென்னியில் தொடங்கச் சொன்னது.

இந்தியத் தொடர்பு இரண்டு இடத்தில் உதவும். தலையைச் சுற்றி இன்ட் இம்ப் என்று இருந்தால் அந்தக் காசு 1893-க்கும் 1948-க்கும் இடைப்பட்டது. இந்தியாவின் பேரரசர் என்ற பட்டம் அது, 1949 காசுகளில் காணாமல் போனது. இன்னொன்று பம்பாய்ச் சவரன். 1918 என்ற ஒரே ஆண்டு பொறித்தது. ஆண்டுக்குச் சற்று மேலே தரைக்கோட்டில் ஐ என்ற எழுத்து இருக்கும். இவை நிஜம். கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்று பொறித்து, ராமர் பட்டாபிஷேகத்தோடு லட்ச ரூபாய் என்று காட்டப்படும் அணாக்கள் நிஜமில்லை. கம்பெனி அப்படியொரு காசை வெளியிடவேயில்லை. அரிசியை இழுக்கும், அதிர்ஷ்டம் தரும் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வியாபாரம் செய்ய நினைப்பவர்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டத்தைப் படித்துவிட்டு இறங்கவும். 100 வருடம் கடந்த நாணயம் அதன் வரையறைக்குள் வரும். விற்க உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. கடலோர ஈரத்தில் வெண்கலம் பச்சை பிடிக்கும், பெட்டியில் சிலிக்கா ஜெல் பை போடுங்கள். மெத்தென்ற மலிவு பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் கசிந்து காசைக் கெடுக்கும்.

விற்கும் நாள் வரும்போது விளக்கத்தை ஒழுங்காக எழுதுங்கள். "அபூர்வம், கிடைக்கவே கிடைக்காது" என்று எழுதுவதில் பயனில்லை. இப்படி எழுதலாம்: பென்னி, 1918 கேஎன், தலைப்பக்கம் ஜிவிஎஃப், பின்பக்கம் அடி மங்கலால் வெரி ஃபைன், 9.38 கிராம், மூன்று மணி திசையில் விளிம்பில் சிறு அடி, கழுவியதில்லை. குறையை முதலில் சொல்லும் விற்பனையாளரிடம் மறுபடி வருவார்கள். ஏலத்தில் வாங்கினால் சுத்தியல் விலைக்கு மேல் 20 சதவீதமோ அதற்கும் அதிகமோ வாங்குபவர் கட்டணம், அதன்மேல் வரி. கை தூக்குவதற்கு முன்பே அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். விளிம்படியை மறைத்து விற்ற காசு ஒரு வாரத்தில் திரும்பி வரும், அஞ்சல் செலவு உங்கள் கணக்கில்.