நாலு பேர் சேர்ந்தால் போதுமா?

கேள்வி: எங்கள் பகுதிக்காகச் சங்கம் தொடங்க நினைக்கிறோம். "சின்ன சங்கத்தால் என்ன ஆகும்?" என்கிறார்கள் பெரியவர்கள். உண்மைதானா?
– ஒரு வாசகர், பத்துபஸ்தி

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. அந்தமானின் போர்ட் பிளேயரில் சமீர் ஆச்சார்யா முன்னின்று நடத்திய 'சேன்' என்ற சூழலியல் சங்கம் பெரிய பணபலம் உள்ளதல்ல. அது கல்பவிருக்‌ஷ் அமைப்பு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் ஆகியவற்றோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனது. 2002 மே 7-இல் வந்த உத்தரவு தீவுகளின் இயற்கைக் காடுகளை வணிகத்துக்காக வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. ஜாரவா பழங்குடியினர் பகுதி வழியே போகும் சாலையை மூடச் சொன்னதும் அதே உத்தரவுதான். ஆனால் அந்தச் சாலையில் இன்றும் வண்டி ஓடுகிறது. தீர்ப்பு வாங்குவது பாதி வேலைதான், விடாமல் கேட்டுக்கொண்டிருக்க ஆள் வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இதே சேன், ஆக்‌ஷன்எய்ட் தொண்டு நிறுவனத்துடன் கைகோத்து நிவாரணப் பணியில் இறங்கியது. தீவுகளை முன்பே அறிந்தவர்கள் களத்தில் இருந்தது எவ்வளவு பெரிய பலம்!

நீங்கள் தண்ணீரிலிருந்து தொடங்கலாம். கோடையில் குடிநீர் தரும் தனிக்காரி அணை வற்றும்போது குழாயில் எந்த நாள், எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது என்று ஒரு நோட்டில் தெருவாரியாக எழுதுங்கள். அதை வைத்து 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். சங்கத்தைப் பதிவு செய்ய 1860-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழு பேர் போதும். அந்த ஏழில் தமிழரோடு வங்காளி, தெலுங்கர், ராஞ்சிக்காரர் வீட்டாரும் இருக்கட்டும், பெண்களும் இருக்கட்டும்.