ஓய்வுக்குப் பிறகு ஒரு நாவல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அறிவியல் படித்து, அதையே பிழைப்பாகக் கொண்டு ஓய்வுபெற்றவர்கள் போடிநாயக்கனூரில் நிறைய இருக்கிறார்கள். வேளாண்துறை அலுவலர்கள், கால்நடை மருத்துவர்கள், எஸ்டேட் ஆஸ்பத்திரிகளில் ஆயுளைக் கழித்த கம்பவுண்டர்கள், இயற்பியல் ஆசிரியர்கள். பேச உட்கார்ந்தால் இவர்களிடம் கதைக்குப் பஞ்சமில்லை. ஏலச்செடியில் அழுகல் நோய் விழுந்து ஒரே மழைக்காலத்தில் தோட்டத்தை விற்றுவிட்டு மலையிறங்கிய குடும்பம், பிரசவ வலியோடு ஜீப்பில் போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளைக் கடந்த பெண் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். “இதையெல்லாம் எழுதுங்களேன் சார்” என்று சொன்னால்தான் பேச்சு நின்றுபோகும். ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட வேண்டும். இந்த மலைச்சரிவின் வாழ்க்கை எழுதப்படாமல் போவதற்கு அவையே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

நம்பிக்கை: “கதை எழுதுவது இளவயதில் தொடங்க வேண்டியது. இனிமேல் எதற்கு?”

நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. பி. எச். டேனியல் என்ற மருத்துவர் 1940களில் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனார். நீண்ட காலம் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார், தோட்டப் பணியாளர்களின் சங்கத்துக்காகவும் உழைத்தார். அவருடைய ‘ரெட் டீ’ நாவல் ஆங்கிலத்தில் வெளியானது 1969இல். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆசை வார்த்தை சொல்லி மலையேற்றப்பட்ட ஒரு தம்பதியின் கதை அது. முன்பணக் கடன், கங்காணியின் பிடி, கொத்துக்கொத்தாக ஆட்களைக் கொன்ற காய்ச்சல் எல்லாம் அதில் உண்டு. கதை நடப்பது 1920களில். டேனியல் மலையேறுவதற்கு முந்தைய காலம். முதிய தொழிலாளர்கள் வாயால் கேட்டறிந்துதான் அதை எழுதினார். இரா. முருகவேள் 2007இல் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். 2013இல் பாலா எடுத்த ‘பரதேசி’ படத்துக்கு மூலம் இந்த நாவல்தான். இருபத்தைந்து வயதில் ஒருவர் இதை எழுதியிருக்க முடியாது. நோயாளிகளின் நம்பிக்கையைச் சம்பாதிக்க அத்தனை ஆண்டுகள் வேண்டியிருந்தன.

அமெரிக்காவின் ஆலிஸ் ஷெல்டன் 1967இல் சோதனை உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு, 52 வயதில், ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற ஆண் பெயரில் முதல் அறிவியல் புனைகதையை வெளியிட்டார். அந்தத் துறையில் இன்றும் மதிக்கப்படும் பெயர் அது.

நம்பிக்கை: “அறிவியலில் ஊறியவனுக்குக் கற்பனை வறண்டுபோகும்.”

வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகர் 1974இல் மராத்திய அறிவியல் பேரவையின் சிறுகதைப் போட்டிக்குக் கருந்துளை பற்றி ஒரு கதை அனுப்பினார். தன் புகழ் நடுவர்களைப் பாதிக்கக் கூடாது என்று முதலெழுத்துகளைத் தலைகீழாக்கி நாராயண் விநாயக் ஜக்தாப் என்று பெயர் வைத்துக்கொண்டார். பரிசு கிடைத்தது. ஆய்வையும் விடவில்லை, கதையையும் விடவில்லை. இத்தாலியின் பிரிமோ லெவி பல ஆண்டுகள் பெயின்ட் தொழிற்சாலையில் வேதியியலாளர். 1975இல் வந்த அவருடைய ‘தனிம வரிசை அட்டவணை’ நூலில் 21 அத்தியாயங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிமத்தின் பெயர். ஆய்வுக்கூடத்தில் பழகிய கண்தான் அந்த எழுத்தைத் தாங்கி நிற்கிறது.

கற்பனைக்குத் தீனி கூர்ந்து பார்த்த பார்வை. ஏலக்காயைத் திராட்சை மாதிரி கிளையிலிருந்து பறிப்பதாக எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ஏலச்செடியில் காய் பிடிப்பது தூரிலிருந்து தரையோடு படர்ந்து வரும் சரத்தில். பறிக்கிற பெண் நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோ இருந்தாக வேண்டும். சரத்தில் எல்லாக் காயும் ஒன்றாக முற்றுவதில்லை. அதனால் அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வரவேண்டும். இந்த இரண்டு தாவரவியல் உண்மைகளுக்குள் ஒரு பெண்ணின் முதுகுவலி இருக்கிறது, மாதக்கணக்கில் விடியலில் ஜீப் ஏறும் வாழ்க்கை இருக்கிறது. போடியில்தான் ஏலம் விளைகிறது என்பதும் அப்படி ஒரு பிழை. ஊர் மழைமறைவுப் பக்கத்தில் இருக்கிறது. ஏலத்தோட்டங்களில் பெரும்பகுதி மலைமுகட்டுக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தில். போடிக்கு வருவது காய். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கேயும் இடுக்கியின் புத்தடியிலும் நடக்கிறது. 1956இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன; வீடு ஒரு மாநிலம், தோட்டம் ஒரு மாநிலம் என்றிருக்கும் குடும்பங்கள் இங்கே எத்தனையோ. ஒரு வேளாண் அலுவலருக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம்பிக்கை: “எழுதினாலும் நாங்கள் விண்கலம், ரோபோ என்றுதான் எழுத முடியும்.”

எழுவைதீவில் பிறந்த நோயல் நடேசன் கால்நடை மருத்துவர். இலங்கையிலும் பிறகு மெல்பர்னிலும் தொழில் பார்த்தவர். அவருடைய ‘வண்ணாத்திக்குளம்’ நாவல் 2003இல் வந்தபோது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இனப்பகை மூண்டுவரும் காலத்தில் ஒரு தமிழ்க் கால்நடை மருத்துவர் சிங்கள ஊரில் வாழ்வதும் காதலிப்பதும்தான் கதை. ‘அசோகனின் வைத்தியசாலை’ ஆஸ்திரேலிய விலங்கு மருத்துவமனை ஒன்றுக்குள் நடக்கிறது. இரண்டிலும் விண்கலம் இல்லை.

நம் ஊரில் இதைவிடப் பெரிய களம் கிடக்கிறது. போடி மேற்கு மலையில், பொட்டிப்புரத்தின் பக்கம், நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. மலையைக் குடைந்து 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு உணர்கருவி வைப்பது திட்டம். வளிமண்டல நியூட்ரினோவை 1965இலேயே கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் பதிவு செய்த நாடு இது என்ற பெருமை ஒரு பக்கம். மலை போனால் தண்ணீர் என்னாகும், மேய்ச்சல் என்னாகும் என்ற பயம் மறுபக்கம். எதிர்ப்பும் வழக்குமாகத் திட்டம் நின்றது. கூட்டங்களில் இரு தரப்பும் பேசின, ஒருவர் பேச்சு மற்றவர் காதில் ஏறவில்லை. அந்த இயற்பியலையும் ஆடு மேய்ப்பவரின் பயத்தையும் ஒரே மனசுக்குள் வைத்துக்கொள்ளக்கூடியவர், இந்த ஊரில் பாடம் நடத்திய இயற்பியல் ஆசிரியர். நாவல் அவருக்காகக் காத்திருக்கிறது.

நம்பிக்கை: “விவரமெல்லாம் கையில் இருக்கிறது. உட்கார்ந்தால் நாவலாகிவிடும்.”

தயக்கத்தை உதறி எழுத உட்காருபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யாக உற்சாகமூட்டுகிறேன் என்றாகும். முப்பது வருட உத்தியோகம் ஒரு நடையைக் கைக்குப் பழக்கிவிடுகிறது. செய்தவர் யார் என்று சொல்லாத நடை. ஏலத்தில் கட்டே நோய் என்று ஒரு வைரஸ் நோய் உண்டு, அசுவினிப் பூச்சி பரப்புவது. வந்த செடிக்கு மருந்தில்லை. பிடுங்கி அழிப்பதுதான் வழி. அறிக்கையில் “பாதிக்கப்பட்ட செடிகள் அகற்றப்பட்டன” என்று எழுதினால் போதும், அது சரியும்கூட. கதை அந்த இடத்தில் கேள்வி கேட்கத் தொடங்கும். பிடுங்கியது யார்? கடன் வாங்கி நட்டவர் அப்போது எங்கே நின்றார்? அதிகாரி அவர் முகத்தைப் பார்த்தாரா? அன்று பறிப்புக்கு வந்திருந்த பெண்களைக் கூலியோடு அனுப்பினார்களா, கூலியில்லாமலா?

அறிக்கையிலிருந்து அந்த அதிகாரி தன்னை நீக்கிக்கொண்டது நேர்மைக்காக. கதையில் அவர் திரும்பி வந்தே ஆகவேண்டும், தன் தயக்கத்தோடும் குற்றவுணர்வோடும். இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும்: விளக்கிக்கொண்டே போவது. நோயின் லத்தீன் பெயரும் ஆய்வு நிலையத்தின் வரலாறும் முதல் அத்தியாயத்தை அடைத்துக்கொண்டால் வாசகர் இரண்டாம் அத்தியாயத்துக்கு வரமாட்டார். தெரிந்ததில் பெரும்பகுதி பக்கத்தில் தெரியாமல் உள்ளே கிடக்கட்டும். இது கற்றுக்கொள்ளக்கூடியது. போடிக்குப் பக்கத்து அம்மாபட்டியில் பிறந்த சு. வேணுகோபாலின் கதைகளில் வேளாண்மையின் நுட்பம் எவ்வளவு இருக்கிறது, அது எப்படி மனிதர்களின் ஆத்திரமாகவும் ஏக்கமாகவும் மாறி வருகிறது என்று படித்துப் பாருங்கள். வேறு பயிற்சிப் பட்டறை தேவையில்லை.

நம்பிக்கை: “இன்னும் சர்வீஸ் இருக்கிறது. ஓய்வுபெற்றதும் பார்த்துக்கொள்ளலாம்.”

பொறியாளரான சுஜாதா வேலையில் இருந்துகொண்டேதான் எழுதினார். ‘நைலான் கயிறு’ குமுதத்தில் வந்தபோது ஆண்டு 1968. அவர் ஓய்வுபெற அப்போது இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது.

ஓய்வுபெற்றவர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் வேறு. டேனியல் கேட்டதுபோல் கேட்பதற்கு நமக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். தேவாரத்திலும் குரங்கணியிலும் சில்லமரத்துப்பட்டியிலும், சிறுமியாக ஏலத்தோட்டத்துக்குப் போன பெண்கள் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். நாவலை அடுத்த வருடம் எழுதலாம். அவர்களிடம் இந்த மாதமே போய் உட்காருங்கள்.